பேர் வெட்டாத தட்டு

டிரிங்... டிரிங்... டிரிங்...!

அந்த டெலிபோன் மட்டும் அந்த நொடியில் அலறாமல் இருந்திருந்தால், பரஞ்சோதி அங்கேயே அகப்பட்டிருப்பான்.

ஏனென்றால் பாலாம்பிகை அப்போதுதான் கேட்டிருந்தாள்:

"ஐஞ்சாவது ஆள் ஆர், பரஞ்சோதி?"

அவள் கையில் அவனுடைய ஆராய்ச்சிக் கட்டுரை. அவன் முதுகில் ஒரு குடம் வியர்வை.

மலாயாவில் சுங்கைப்பட்டாணி. ஜப்பான்காரன் கணக்கில் 2603-ஆம் வருஷம், ஜூன் மாதம். மற்ற உலகத்துக்கு 1943. வருஷத்தையே மாற்றி எழுதச் சொன்ன ஆட்சியில், இருபத்துமூன்று வயதுப் பரஞ்சோதி ஒரே ஒரு வரியை மாற்றி எழுதியிருந்தான்.

அந்த வரிதான் இப்போது தொண்டையில் முள்ளாக!

ஆஸ்பத்திரியில் காயம் கட்டி மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர் பயிற்சி வகுப்பின் கடைசிப் பரீட்சை இந்தக் கட்டுரை. இங்கிலீஷில் எழுதக் கூடாது. ஜப்பான் பாஷையில் எழுத வராது. ஆகவே தமிழ்ப் பிள்ளைகள் தமிழில் எழுதினார்கள். பரஞ்சோதியின் தலைப்பு: 'தோட்டங்களில் மரவள்ளிக் கிழங்கும் அதன் நஞ்சும்.'

பாஸானால் கையில் டிரஸ்ஸர் பட்டை. பட்டை கட்டிய கையை எவனும் சயாமில் ரயில் ரோடு போடும் வேலைக்கு இழுக்க மாட்டான்.

பெயிலானால்... நேரே சயாம்தான்! போனவர்களில் ஒருவன்கூட இதுவரை கடுதாசி போட்டதில்லை.

திருத்துகிறவள் பாலாம்பிகை. யாழ்ப்பாணத்து மிஸ்ஸி, ஆஸ்பத்திரி நர்ஸ். வயது முப்பத்தைந்து. சிரிப்பை ரேஷனில் வாங்குகிறவள். அவள் போட்ட சட்டம் ஒன்று உண்டு. கட்டுரையில் எழுதுகிற ஒவ்வொரு சங்கதிக்கும் ஒரு நம்பர். பக்கத்தின் அடியில் அந்த நம்பருக்கு நேரே, சொன்னவர் யார், எந்த ஊர், எந்தத் தேதி. குறைந்தது ஐந்து பேர்.

"ஆர் சொன்னது?" என்பதுதான் மாணவர்கள் அவளுக்கு வைத்திருந்த பட்டப்பெயரே! கருவாடு வாங்கினால்கூட எந்தக் கடல் என்று கேட்கிற ரகம்.

நாலு பேர் நிஜம். சைக்கிளில் போய், நேரில் பார்த்து, கேட்டு எழுதியது.

ஐந்தாவது?

"அவங்க... ஒரு தோட்டத்து அம்மா, மிஸ்ஸி. மருதம்மாள்னு..."

"அது எழுதியிருக்கு. எனக்கும் கண் இருக்கு. எப்பிடிப்பட்ட மனுசி? என்ன வயசு?"

"வயசு... வந்து..."

டிரிங்...!

பிழைத்தோம் என்று நினைத்தான் பரஞ்சோதி.

மருதம்மாள் என்று ஒருத்தியை அவன் கண்ணால் கண்டதே இல்லை. அந்தச் சங்கதி, ஒரு வெள்ளைக்கார டாக்டர் அச்சடித்த புத்தகத்திலிருந்து அப்படியே எடுத்தது. ஒன்றரை வருஷத்துக்கு முன் துரைமார்கள் ஓடியபோது ஊரே பங்களாக்களுக்குள் புகுந்தது. ஒருவன் நாற்காலி தூக்கினான். ஒருவன் கண்ணாடி பீரோ தூக்கினான். பரஞ்சோதி அந்த டாக்டரின் பங்களாவில் புத்தகம் தூக்கினான்.

அவனைப் போல அடிமுட்டாள் வியாபாரி உண்டா? நாற்காலியென்றால் உட்காரலாம். எதிரியின் புத்தகத்தை வைத்திருந்தால், ஒற்றன் என்று சொல்லிக் கெம்பெத்தாய் பிடித்துப் போகும். ஜப்பானிய ராணுவப் போலீஸ். அவர்கள் பிடித்தால் உட்கார உடம்பில் இடம் மிச்சமிருக்காது!

புத்தகத்தின் பெயரைப் போட வழியில்லை. ஆனால் அந்தப் பக்கத்தில் செருகியிருந்த துண்டுச் சீட்டில் பென்சிலால் ஒரு பெயர் இருந்தது. 'மருதம்மாள், ஏழாம் லயம், மூங்கில்மேடு.' ஏதோ மருந்துச் சீட்டு என்று நினைத்தான். தோட்டத்துக்குத் தோட்டம் பத்து மருதம்மாள் இருப்பார்கள். எவன் தேடிப் போகப் போகிறான்? சீட்டிலிருந்த பெயரைத் தூக்கி அடிக்குறிப்பில் வைத்தான். அதற்கொரு தேதியும் கற்பித்தான்.

டெலிபோனை எடுத்தான்.

"ஹலோ..."

"யாருலா அது?" இன்ஸ்பெக்டர் சின்னையாவின் குரல் காதைப் பிய்த்தது. "டாக்டர் இருக்காரா?"

"பினாங்கு போயிருக்காருங்க."

"அப்ப மிஸ்ஸிய அனுப்பு, சீக்கிரம்! இங்க கிராணி பக்கிரிசாமி செத்துக் கெடக்கறாரு. கையில பலகாரத்தோட!"

"எந்தத் தோட்டமுங்க?"

"செமிலிங் பக்கம்... மூங்கில்மேடு!"

ரிசீவர் அவன் கையிலிருந்து நழுவி, கயிற்றில் தொங்கி ஆடியது.

பாலாம்பிகை பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"வாரும். உம்மட கட்டுரையையும் கொண்டு வாரும், வழியில திருத்துறன். ஏன் ஐசே, பேயைக் கண்டவர் மாதிரி முழுசுறீர்?"

*

கரி அடுப்பில் ஓடும் லாரி, இருமி இருமி மூங்கில்மேட்டில் ஏறியது.

ரப்பர்ப் பால்மரங்களின் நடுவே, தோட்டத்துக் கணக்குப்பிள்ளையான கிராணியின் வீடு. வாசலில் ஒரு கூட்டம். யாரும் அழவில்லை. குதிரைப் பந்தயத்தில் பரிசு விழுந்ததைப் பங்காளிக்குத் தெரியாமல் மறைக்கிறவர்கள் போல, ஆளுக்கொரு முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு நின்றார்கள்.

பக்கிரிசாமி சாய்வு நாற்காலியில் கிடந்தார். வாயோரம் நுரை. வலது கையில் பாதி தின்ற கிழங்குப் பலகாரம். இடது கை மேஜையில் விரித்து வைத்த பேரேட்டின் மேல்.

அது சயாம் லிஸ்ட்.

"எத்தினை மணிக்கு?" என்று கேட்டாள் பாலாம்பிகை.

"காலையில எட்டு. பசியாறிக்கிட்டு இருந்தவரு அப்படியே சாஞ்சிட்டாராம்."

"டோக்கியோ எட்டோ, சூரியன் எட்டோ?" ஊர்க் கடிகாரங்களை எல்லாம் ஜப்பான் நேரத்துக்குத் தள்ளி வைத்திருந்த காலம்.

"நாட்டுல இப்ப சூரியனே டோக்கியோவுதானே மிஸ்ஸி!" இன்ஸ்பெக்டர் தன் ஜோக்குக்குத் தானே சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை. "நேரம் குறிக்க வேணும். உங்கட மணிக்கூட்டை ஒருக்காத் தாங்கோ."

சின்னையா தங்கக் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்தார். அவள் நேரத்தைக் குறித்தாள். கடிகாரத்தைத் திருப்பி அதன் முதுகை ஒருமுறை பார்த்தாள்.

"நல்ல மணிக்கூடு."

"சொந்தமா வாங்குனது மிஸ்ஸி!"

"ஓம், ஓம்."

பரஞ்சோதியின் கண் வாசல்படிக்குப் போனது. படியில் வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு தட்டுகள். பித்தளை, அலுமினியம், வெண்கலம். ஒன்றைத் தவிர எல்லாவற்றிலும் ஏதோ ஒரு தீனி.

"இது என்ன படையல்?" பாலாம்பிகை கேட்டாள்.

"படையலேதான்!" என்றார் சின்னையா. "லிஸ்ட்டுல யாரு பேர எழுதணும்ங்கறது கிராணி கையில. பேரு வராம இருக்கணும்னா விடியக்காலையில தட்டு வந்துடணும். அதுல பாருங்க ஒரு வேடிக்க, எல்லாத் தட்டுலயும் பேரு வெட்டியிருக்கும். யாரு குடுத்தான்னு கிராணிக்குத் தெரியணுமில்ல? தெரியாமப் போனா குடுத்தும் தண்டம்!"

பரஞ்சோதி குனிந்து பார்த்தான். கல்யாணச் சீர் தட்டுகள். விளிம்பில் புள்ளி புள்ளியாக உளியால் கொத்திய பெயர்கள். செல்லாயி... பிச்சை... இராசாத்தி...

ஒரே ஒரு தட்டில் மட்டும் பெயர் இல்லை.

அது கமுகம்பாளையை மடித்துத் தைத்த தட்டு. காலி. கிராணி கையிலிருந்தது அதில் வந்த பலகாரம்தான்!

"பேரில்லாத தட்டு ஏன் தின்னாரு?" பரஞ்சோதி தன்னை மறந்து கேட்டான்.

"சீனி கண்ணால பாத்து எத்தன மாசம் ஆச்சு தம்பி? வெல்லம் போட்டுக் கிளறுன பலகாரம். வாசன மூக்கத் தொளச்சா எவன் பேரப் பாப்பான்?"

பாலாம்பிகை ஒரு துணுக்கைக் கிள்ளி முகர்ந்தாள். விரலில் நசுக்கினாள். அவள் புருவம் நெற்றியின் நடுவுக்கு ஏறியது.

"கசப்புக் கிழங்கு. நஞ்சு எடுக்காமச் செய்தது. ஆனா கசப்பு வாசமே இல்லை... பொறும். இதை எங்கயோ வாசிச்சனான்..."

பரஞ்சோதி மனசுக்குள் கும்பிட்டான்.

'வேண்டாம் மிஸ்ஸி... வேண்டாம்...'

அவள் கட்டுரையைப் புரட்டினாள். பரீட்சைத் தாளைத் திருத்துகிற பழக்கம், வாய்விட்டே வாசித்துவிட்டாள்.

"'கசப்பு இனத்தின் நஞ்சு நாக்கில் படாமல் மறைந்துபோகும் பலகாரம் ஒன்று உண்டு. இதைத் தோட்டத்தாரில் பலரும் அறியார்.' நம்பர் ஐஞ்சு. அடிக்குறிப்பு ஐஞ்சு... 'மருதம்மாள், ஏழாம் லயம், மூங்கில்மேட்டுத் தோட்டம். 2603 மே 14.'"



பிறகு இன்ஸ்பெக்டர் சின்னையா தொடையில் தட்டிக்கொண்டார்.

"மருதம்மாவா? அவ புருஷன் அம்மாசியத்தானலா போன மாசம் கிராணி சயாமுக்கு ஏத்திவிட்டாரு! கொல்றதுக்குக் காரணமும் இருக்கு, கொல்ற வித்தையும் தெரிஞ்சிருக்கு. மிஸ்ஸி, பத்து வருஷத்துல இப்படி ஒரு கேசு கைக்கு வந்ததில்ல!"

*

இழுத்து வந்தார்கள்.

நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லி. கழுத்தில் வெறும் மஞ்சள் கயிறு. கண்ணில் மட்டும் பயமே இல்லை.

பரஞ்சோதி அவளைப் பார்த்தான். ஒரு துண்டுச் சீட்டில் எழுதியிருந்த பெயர் இப்போது ரத்தமும் சதையுமாக எதிரே நிற்கிறது!

'ஐயோ... நீ நிஜமாகவே இருக்கிறாயா?'

"இந்தப் பையனத் தெரியுமாலா ஒனக்கு?" சின்னையா உறுமினார்.

"பாத்ததே இல்லீங்க."

"பொய்! மே மாசம் பதினாலாம் தேதி இவன்கிட்ட வெஷப் பலகாரம் பத்திச் சொல்லியிருக்க. எழுத்துல இருக்கு!"

"எந்த எழுத்துல இருந்தா என்னங்க? இந்தத் தம்பி மூஞ்சிய நான் இன்னிக்குத்தான் பாக்கறேன்."

பளார்!

அறைந்தது சின்னையா. வாங்கியது மருதம்மாள். எரிந்தது பரஞ்சோதியின் கன்னம்.

"தம்பி, நீ சொல்லு. இவகிட்டத்தான கேட்டு எழுதுன?"

இப்போது சொல்லிவிடலாம். 'இல்லை, புத்தகத்தில் எடுத்தேன்' என்று சொல்லிவிடலாம். சொன்னால் அடுத்த கேள்வி, 'எந்தப் புத்தகம்?' அந்தப் புத்தகம் வேறெங்கும் இல்லை. ஹாஸ்டலில் திடீர்ச் சோதனை நடக்கும் என்று பயந்து, பழைய வேட்டியில் சுற்றி, அவன் தோளில் தொங்குகிற பையிலேயே வைத்திருக்கிறான்!

"சொல்லுலா!"

"ஆ... ஆமாங்க."

சொல்லிவிட்டான். ஒரே வார்த்தை. அந்த ஒரு வார்த்தையை எத்தனை விலை கொடுத்தாலும் திருப்பி வாங்க முடியாது.

மருதம்மாள் அவனை உற்றுப் பார்த்தாள். கோபமில்லை. கூடையில் கிடந்த மீனைப் புரட்டிப் பார்ப்பது போல ஒரு பார்வை.

"எனக்குப் பேரு எழுதறவனுங்க ராசி," என்றாள். "ஒருத்தன் புருஷன் பேர எழுதுனான். ஒருத்தன் என் பேர எழுதிட்டான்."

"ரெண்டு மணிக்குக் கெம்பெத்தாய் கார் வருது," என்றார் சின்னையா கையைத் துடைத்துக்கொண்டே. "தண்ணி குழாய அவ வாயில வச்சாங்கன்னா நாலு தலைமுறைக் கதையும் வெளிய வந்துடும்!"

*

வீட்டுக்குப் பின்னால் ஒரு பால்மரம். அதன் கீழே குனிந்து நின்று பரஞ்சோதி வாந்தி எடுத்தான்.

தண்ணீர்க் குவளை ஒன்று நீண்டது. பாலாம்பிகை!

"குடியும். பிறகு நான் கேக்கிறதுக்கு மறுமொழி சொல்லும். மே பதினாலு என்ன கிழமை?"

"தெ... தெரியல மிஸ்ஸி."

"வெள்ளிக்கிழமை. அண்டைக்கு முழுநாளும் ஆஸ்பத்திரியில ஊசிக் கணக்கு எடுத்தனாங்கள். நீரும்தான். உம்மட கையெழுத்து எங்கட பதிவில கிடக்கு."

பரஞ்சோதி குவளையைக் கீழே வைத்தான். 

"இன்னொண்டு. ஒரு மனுசியோட இருந்து கதைச்சு எழுதினவன், அவவைக் கண்ட உடன ஒரு 'வணக்கம் அக்கா' எண்டாவது சொல்லுவான். நீர் பிரேதத்தைக் கண்ட மாதிரி நிண்டீர். பரஞ்சோதி... ஆர் சொன்னது?"

உடைந்தான். வேட்டிச் சுருளைப் பிரித்தான். சிவப்பு அட்டைப் புத்தகம். உள்ளே அந்தத் துண்டுச் சீட்டு.

அவள் பக்கத்தைப் பார்த்தாள். கட்டுரையைப் பார்த்தாள். வரிக்கு வரி!

"நாலு உண்மைக்கு நடுவில ஒரு பொய். கள்ளக் காசு நல்ல காசுகளோட கலந்துதான் ஓடும், என்ன?"

"பேரப் போட்டா என்னைக் கொன்னுடுவாங்க மிஸ்ஸி..."

"இப்ப பேரைப் போட்டு அவவைக் கொல்லப் போறீர்."

அவன் முகத்தை மூடிக்கொண்டான்.

"உங்களுக்கும் தெரிஞ்சிடுச்சு. நீங்களே போய்ச் சொல்லிடுங்க மிஸ்ஸி!"

"நான் சொல்ல மாட்டன்." அவள் குரல் முதன்முறையாகத் தணிந்தது. "அதைச் சத்தமா வாசிச்சது நான். அந்த மனுசி வாங்கின அறையில எனக்கும் பங்கு கிடக்கு. ஆனா எழுதினது நீர். திருத்த வேண்டிய ஆளும் நீர்தான். மணி ஒண்டரை."

நடந்து போய்விட்டாள்.

பரஞ்சோதி மனசாட்சியோடு பேரம் பேசினான். எல்லாரும் பேசுகிற பேரம்தான். 'அவளுக்கு வயதாகிவிட்டது... புருஷனும் இல்லை... ஒருவேளை அவளே செய்திருந்தால்?' மனசாட்சி ஒரு சல்லி குறைக்கவில்லை. 'நான் ஒருத்தன் வாயைத் திறந்து என்ன ஆகப் போகிறது?' அதற்கும் மசியவில்லை. மார்க்கெட்டில் விடாக்கண்டன் கடைக்காரன் ஒருவன் இருப்பான், வாங்காமல் நகர்ந்தாலும் முதுகையே பார்த்துக்கொண்டிருப்பான். அப்படிப் பார்த்தது.

கடைசியில், கேட்ட விலையைக் கொடுத்தான்.

*

மேஜைமேல் புத்தகத்தை வைத்தான் பரஞ்சோதி.

"நான் பொய் சொன்னேங்க. இந்த அம்மாவ நான் பாத்ததே இல்ல. எல்லாம் இந்தப் புத்தகத்துல இருந்து எடுத்தது. பேரு இந்தச் சீட்டுல இருந்துச்சு. போட்டுட்டேன்."

சின்னையாவின் முகம் முதலில் வெளுத்தது. பிறகு சிவந்தது. பிறகு விரிந்தது.

"இங்கிலீஸ் புத்தகம்! டாக்டர் தொர புத்தகம்! லூட்டு அடிச்ச சாமான்! தம்பி... ஒரு கொலகாரியத் தேடுனேன், ஒரு ஒத்தனே கெடச்சிருக்கான்! ரெண்டு பேரையும் ஒரே கார்ல ஏத்திடலாம்!"

"அவங்களுக்கு ஒண்ணும் தெரியாதுங்க. விட்டுடுங்க. நான் வரேன்."

மூலையில் உட்கார்ந்திருந்த மருதம்மாள் தலையை நிமிர்த்தினாள்.

"இன்ஸ்பெக்டர்," என்றாள் பாலாம்பிகை மெதுவாக. "மணி என்ன?"

"ஒண்ணே முக்கால்."

"எந்த மணிக்கூட்டில?"

"இதோ என்... ஏன் மிஸ்ஸி?"

"அதின்ர முதுகில ஆற்ற பேர் வெட்டிக் கிடக்கு?"

சின்னையாவின் வலது கை தானாகப் போய் இடது மணிக்கட்டை மூடியது.

"நானும் அந்த டாக்டரோட ஐஞ்சு வருசம் வேலை செய்தனான். அவற்ற கலியாணத்துக்கு மாமனார் குடுத்த மணிக்கூடு. டாக்டற்ற பங்களாவில புத்தகம் எடுத்தவன் ஒற்றன் எண்டால், மணிக்கூடு எடுத்தவர் ஆர்? கார் வந்து நிண்ட உடன அவையளிட்டயே கேப்பமோ?"

"மிஸ்ஸி..." என்றார் சின்னையா. குரலில் இப்போது கருவாட்டுக் கடைக்காரனின் குழைவு. "நாம படிச்சவங்க. பேசித் தீத்துக்கலாம்லா!"

"பேசுவம். புத்தகம் அடுப்புக்குள்ள. அந்த மனுசி வீட்டுக்கு. கட்டுரையில இந்தப் பக்கம் கிழியும்."

"கிராணி சாவு? ரிப்போட்டு எழுதணுமே!"

"ஊராற்ற சாப்பாட்டில வளர்ந்த மனுசன், கசப்புக் கிழங்கு எது, நல்ல கிழங்கு எது எண்டு தெரியாமத் திண்டு செத்தார். விபத்து."

"யாரு சொன்னதுன்னு கேட்டா?"

பாலாம்பிகையின் உதடு ஒரு கணம் துடித்தது. பதினைந்து வருஷமாக மற்றவர்களை அந்தக் கேள்வியால் அறுத்தவள் அவள்.

"நான் சொன்னதெண்டு எழுதும். பேர், ஊர், திகதி... எல்லாம் போடும்."

அவள் புத்தகத்தை எடுத்தாள். அடுப்பில் போடும் முன் நின்றாள்.

"பொறுங்கோ. பக்க நம்பரைக் குறிச்சுக்கொள்ளுறன்."

பழக்கம்!

*

லாரியில் திரும்பும்போது அவள் ஒரே ஒரு தடவைதான் பேசினாள்.

"ஐஞ்சாவது மூலம் வெட்டுப்பட்டாச்சு. மூண்டு நாள் தாறன். உயிரோட இருக்கிற ஒரு ஆளைக் கண்டு, கேட்டு, அவர் சொன்னதை அவற்ற பேரிலயே எழுதிக் கொண்டு வாரும். இல்லாட்டி நான் பெயில்தான் போடுவன். போய் அந்த மனுசியிட்ட மன்னிப்புக் கேளும்."

மறுநாள் காலையே சைக்கிளை மிதித்தான்.

ஏழாம் லயம், தோட்டக் கூலிகளின் வரிசை வீடுகள். கடைசிக் கதவு. மருதம்மாள் அடுப்பில் ஏதோ கிளறிக்கொண்டிருந்தாள். கன்னத்தில் நாலு விரல் தடம் இன்னும் மறையவில்லை. அதைப் பார்த்ததும் பரஞ்சோதி வாசலிலேயே கைகூப்பினான்.

"அக்கா... என்னால உங்களுக்கு..."

"உள்ள வா தம்பி. நின்னுக்கிட்டு அழுதா பக்கத்து வீட்டுக்காரி நான் ஒன்ன அடிச்சேன்னுவா."

உட்கார்ந்தான். கண்ணைத் துடைத்தான்.

"எம் பேரு ஒனக்கு எங்கேருந்து கெடச்சிச்சு? அந்தச் சீட்டு, சீட்டுன்னியே... அதக் காட்டு."

புத்தகம் எரிந்தபோது சீட்டு மட்டும் அவன் சட்டைப் பையில் தங்கிவிட்டிருந்தது. கொடுத்தான். அவள் எழுத்தைப் பார்க்கவில்லை. படிக்கத் தெரியாது. பின்பக்கம் திருப்பினாள். அங்கே பென்சிலில் வரைந்த ஒரு கிழங்கு இலை.

மருதம்மாள் சிரித்தாள்.

"இந்த எலைய நான்தான் கையில புடிச்சிக்கிட்டு நின்னேன். ஆடாத மருதம்மா, ஆடாதன்னு சொல்லிச் சொல்லி வரஞ்சாரு."

"யாரு?"

"டாக்டர் தொரதான்! மூணு வருஷம் அவரு குசினியில நான்தான சமையலு. எது கசக்கும், எது கொல்லும், எந்தப் பலகாரத்துல கசப்பு தெரியாது... எல்லாம் எங்காத்தா எனக்குச் சொன்னது. நான் சொல்லச் சொல்ல எழுதிக்கிட்டாரு. 'ஒம் பேரு புத்தகத்துல வரும்'னாரு. வந்துச்சா தம்பி?"

புத்தகம் சாம்பல். ஆனால் அந்த வரி பரஞ்சோதிக்கு மனப்பாடம். 'ஒரு கூலிப் பெண்ணிடம் கேட்டறிந்தது.'

"வரலக்கா..."

"நெனச்சேன். சீட்டோட சரி! தொரமாரு புத்தி!"



அவன் கற்பித்து எழுதிய ஐந்தாவது மூலம்... பொய்யே இல்லை! கட்டுரையிலேயே மிகச் சரியான அடிக்குறிப்பு அதுதான். தேதி ஒன்றுதான் தப்பு.

அப்படியானால்...

"அவங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு... நான் நேத்து..."

"சொன்னியே! புண்ணியவான்! கார் வந்து நிக்கிற நேரம். நீ சொல்லலன்னா நான் போய்ச் சேந்திருப்பேன்."

"அக்கா... அப்ப கிராணிக்கு..."

அவள் அடுப்பிலிருந்து கரண்டியை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"பதினஞ்சு நாளு தட்டு வச்சேன் தம்பி. என் கல்யாணத் தட்டு. பேரு வெட்டுன தட்டு. பதினஞ்சு நாளும் வழிச்சித் தின்னான். பதினாறாம் நாளு எம் புருஷன் பேர எழுதிட்டு, தட்டக் கழுவி அனுப்பிவச்சான். பேரு போட்டுக் குடுத்ததுக்கு மருவாத அவ்வளவுதான்னா, பேரு போடாம ஒரு தடவ குடுத்துப் பாப்பமேன்னு..."

வெளியே யாரோ பால் வாளியை உருட்டினார்கள். பரஞ்சோதி துள்ளி அடங்கினான்.

பொய் சொல்லி ஒரு உண்மையை எழுதினான். உண்மையைச் சொல்லி ஒரு கொலையை மூடினான். இதில் எதற்கு அழுவது, எதற்கு மன்னிப்புக் கேட்பது? மூன்று நாளில் உயிருள்ள மூலம் வேண்டும். இதோ எதிரே உட்கார்ந்திருக்கிறது! எழுதினால் அவள் தூக்கில். எழுதாவிட்டால் அவன் சயாமில்.

"என்னா முழிக்கிற? நோட்டுப் பொஸ்தகம் கொண்டாந்திருக்கியா?"

"இ... இருக்குக்கா."

"எழுதிக்க. கசப்புக் கெழங்கையும் நஞ்சு போக்கித் திங்கலாம். துருவி, மூணு நாளு தண்ணி மாத்தி மாத்தி ஊற வச்சி, கல்லு வச்சிப் புழியணும். எல்லாம் பஞ்சத்துல நாக்குத் தள்ளிக் கெடக்குதுங்க, தெரிஞ்சிக்கட்டும். கொல்றத தொரைக்குச் சொன்னேன். பொழைக்கிறத ஒனக்குச் சொல்றேன். எம் பேரப் போடு. இன்னிக்குத் தேதியப் போடு."

எழுதினான். எழுத்து கோணிக்கொண்டு போனது. பெயர், லயம், தோட்டம், தேதி. எல்லாம் சரி. ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. ஆனாலும் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த கல் இறங்கவே இல்லை!

நோட்டை மூடும்போது, அவன் முன்னால் ஒரு தட்டு வந்து உட்கார்ந்தது.

ஆவி பறக்க... வெல்லம் மணக்க... கிழங்குப் பலகாரம்!

பரஞ்சோதியின் கை நீளவில்லை. கண் தட்டைவிட்டு நகரவும் இல்லை. எச்சில் மட்டும் ஒருமுறை சத்தமாக உள்ளே போனது.

மருதம்மாள் தட்டின் விளிம்பை அவன் பக்கம் திருப்பிவைத்தாள்.

"பயப்படாம சாப்புடு தம்பி... பேரு வெட்டியிருக்கு பாரு!"